டிஸ்க் தோற்றது எங்கே?

2013 செப்டம்பர் 17 அன்று கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5 வெளியானது. பிளேஸ்டேஷன் 3 வைத்திருந்தவர்களுக்கு அதை வாங்க இரண்டு வழி இருந்தது. கடைக்குப் போய் ப்ளூ-ரே டிஸ்க் வாங்கலாம். இல்லையென்றால் சோனியின் ஆன்லைன் ஸ்டோரில் பணம் கட்டி டவுன்லோடு செய்துகொள்ளலாம். கேம் ஒன்றுதான், ஓடும் கன்சோலும் ஒன்றுதான். ஆனால் ஓரிரு நாளிலேயே டவுன்லோடு செய்தவர்களிடமிருந்து ஒரே மாதிரியான புகார் வரத் தொடங்கியது. காரை விரட்டினால் சாலையோர மரம் மொட்டையாக நிற்கிறது, கிட்டே போனபிறகு சட்டென்று இலை முளைக்கிறது. சுவரில் இருக்கும் எழுத்து கலங்கித் தெரிந்து, வண்டி அதைத் தாண்டப் போகும்போதுதான் தெளிகிறது. டிஸ்க் வாங்கியவர்களுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. டிஜிட்டல் ஃபவுண்டரி என்ற தொழில்நுட்ப ஆய்வுக் குழு இரண்டையும் அருகருகே ஓடவிட்டுப் பார்த்தது. புகாரில் உண்மை இருந்தது.

டவுன்லோடுதான் எப்போதும் வேகம், டிஸ்க் என்றால் பழைய காலத்து மந்தம் என்றுதான் இன்று எல்லோரும் நினைக்கிறோம். அன்று டிஸ்க் ஜெயித்தது எப்படி?

டிஸ்க்கைப் போட்டதும் கேம் சுமார் 8 ஜிபியைக் கன்சோலுக்குள் இருக்கும் ஹார்டு டிஸ்க்கில் இறக்கி வைத்துக்கொள்ளும். மீதி ப்ளூ-ரேயிலேயே இருக்கும். விளையாடும்போது பாதித் தரவு ஹார்டு டிஸ்க்கிலிருந்து வரும், பாதி டிஸ்க்கிலிருந்து வரும், அதுவும் ஒரே நேரத்தில். ஊருக்குள் நுழைய இரண்டு சாலை இருப்பதைப் போல. டவுன்லோடு செய்தவருக்கோ எல்லாமே ஹார்டு டிஸ்க்கில். அந்தக் காலத்து லேப்டாப்பில் இருக்குமே, அதே சின்னச் சுழலும் ஹார்டு டிஸ்க்தான். மரம் வேண்டும் என்றால் தரவைப் படிக்கும் அதன் ஊசி ஒரு இடத்துக்கு ஓடும், குரல் வேண்டும் என்றால் இன்னொரு இடத்துக்கு ஓடும். ஒற்றைச் சாலையில் இரண்டு சாலைக் கூட்டம் சேர்ந்தால் என்ன ஆகும்?

மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360-இல் இதே கதையின் மறுபக்கம் நடந்தது. அங்கே கேம் இரண்டு டிவிடியாக வந்தது. முதல் டிஸ்க்கை ஹார்டு டிஸ்க்கில் கட்டாயம் இறக்க வேண்டும், இரண்டாவது டிஸ்க்கைப் போட்டு விளையாட வேண்டும். அந்தக் கன்சோலில் எந்த டிஸ்க்கையும் முழுதாக இறக்கி வைத்துக்கொள்ளும் வசதி 2008-லிருந்தே உண்டு. எனவே பலரும் இரண்டாவது டிஸ்க்கையும் இறக்கிவிட்டார்கள். உடனே மரங்களில் அதே மொட்டை. கேமை உருவாக்கிய ராக்ஸ்டார் நிறுவனமே இரண்டாவது டிஸ்க்கை இறக்க வேண்டாம் என்று சொன்னது. காரணம் அதேதான்: இரண்டு சாலையில் ஒன்றை நாமே மூடிவிட்டோம்.

அந்தக் கேமின் பிஎஸ்3 டிஸ்க் என்னிடம் இன்னும் இருக்கிறது. ராத்திரி மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கன்சோல் பக்கத்தில் காதை வைத்தால் இரண்டு சத்தமும் தனித்தனியாகக் கேட்கும். டிஸ்க் சுழலும் ஊதல் ஒருபக்கம். ஹார்டு டிஸ்க்கின் டிக் டிக் இன்னொரு பக்கம். நேர்சாலையில் போகும்போது மெதுவாக இருக்கும் டிக் டிக், நகரத்துக்குள் திரும்பியதும் மழை ஓட்டில் விழுவதுபோல அடர்ந்துவிடும். ஓடும்போது தரவை வைத்துக்கொள்ளும் நினைவகம் (ரேம்) 512 எம்பி மட்டுமே கொண்ட ஒரு பெட்டி, ஒரு நகரத்தையே கணத்துக்குக் கணம் கட்டிக் கலைத்துக்கொண்டிருக்கும் சத்தம் அது. அதைக் கேட்ட நாளிலிருந்து டிஸ்க்கா டவுன்லோடா என்ற பேச்சில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது விலையும் உரிமையும் அல்ல, வேகம்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கன்சோலின் முழு நினைவகத்தையும் டிஸ்க்கிலிருந்தே நிரப்ப எவ்வளவு நேரம் ஆகும்? 1994 டிசம்பரில் ஜப்பானில் வெளியான முதல் பிளேஸ்டேஷனில் முதன்மை நினைவகம் 2 எம்பி. அதன் சிடி டிரைவ் நொடிக்கு 300 கேபி படிக்கும். ஏழு நொடியில் நிரம்பிவிடும். பிஎஸ்2-இல் 32 எம்பி, டிவிடி வேகம் நொடிக்குச் சுமார் 5 எம்பி. ஆறு நொடி. அதுவரை சரிதான். பிஎஸ்3-இல் இரண்டு வகை நினைவகமும் சேர்த்து 512 எம்பி, ப்ளூ-ரே வேகம் நொடிக்கு 9 எம்பி. ஏறக்குறைய ஒரு நிமிடம். பிஎஸ்4-இல் 8 ஜிபி, வேகம் 27 எம்பி. ஐந்து நிமிடம். பிஎஸ்5-இல் 16 ஜிபி, டிரைவ் உச்ச வேகத்தில் ஓடினாலும் நொடிக்கு 45 எம்பிதான். ஆறு நிமிடம்.

ஏழு நொடியிலிருந்து ஆறு நிமிடம். டிஸ்க்கின் கொள்ளளவு இந்த இருபத்தாறு வருடத்தில் 650 எம்பியிலிருந்து 100 ஜிபிக்குப் போனது. அதில் குறையே இல்லை. நினைவகம் எட்டாயிரம் மடங்கு பெருத்தது. படிக்கும் வேகம் மட்டும் நூற்றைம்பது மடங்கோடு நின்றுவிட்டது. டிஸ்க் தோற்றது இங்கேதான். பிளாஸ்டிக் தட்டை இதற்குமேல் வேகமாகச் சுற்றினால் அதிரும், சத்தம் போடும். லேசர் தலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர எடுக்கும் நேரத்தையும் குறைக்க வழியில்லை.

முதல் பிளேஸ்டேஷன் காலத்தில் அந்த ஏழு நொடியையே எப்படியெல்லாம் மறைத்தார்கள் என்பது தனி அழகு. ரிட்ஜ் ரேசர் கேமை ஓடத் தொடங்கும்போதே முழுதாக நினைவகத்தில் ஏற்றிவிடுவார்கள். அதன்பிறகு டிஸ்க்கை எடுத்துவிட்டு நமக்குப் பிடித்த பாட்டு சிடியைப் போட்டால், அந்தப் பாட்டோடு பந்தயம் ஓட்டலாம். அது ஏறும் அந்தச் சில நொடி சலிக்காமலிருக்க, நாம்கோ நிறுவனம் தன் பழைய கேலக்சியன் விளையாட்டையே திரையில் விட்டது. ரெசிடென்ட் ஈவிலில் ஒவ்வொரு அறைக்கும் இருட்டில் ஒரு கதவு மெல்லத் திறக்குமே, அது அடுத்த அறை டிஸ்க்கிலிருந்து வரும்வரை நேரம் கடத்தும் வேலை. நமக்கு அது திகிலாக இருந்தது. குறையை இப்படி நயமாக மாற்றத் தெரிந்தவர்கள் மீது எனக்கு அளவில்லாத மரியாதை.

ஒரு நிமிடத்தைக் கதவு திறந்து மறைக்க முடியாது. அதனால்தான் 2013 நவம்பரில் வந்த பிஎஸ்4-இலும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் எந்தக் கேமும் டிஸ்க்கிலிருந்து நேரடியாக ஓடாது என்று முடிவானது. எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்க்கில் இறக்கித்தான் ஆக வேண்டும். பலர் கவனிக்காமல் விட்ட பெரிய திருப்பம் இது. அன்றோடு டிஸ்க்குக்கு இரண்டு வேலைதான் மிச்சம். ஒன்று, தரவைச் சுமந்து வருவது. இன்னொன்று, நீ வாங்கியவன்தான் என்று சாட்சி சொல்வது.

இந்த இரண்டு வேலையும் வேறு வேறு என்பதை நான் கண்ணால் பார்த்தது 2018-இல் வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-இல். அது இரண்டு ப்ளூ-ரே. ஒன்றின் மேல் டேட்டா டிஸ்க் என்றும் மற்றதன் மேல் ப்ளே டிஸ்க் என்றும் அச்சடித்திருக்கும். பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் நண்பனிடம் இரவல் வாங்கி வந்தான். வெகுநேரம் ஓடி எல்லாம் இறங்கிய பிறகு, "அண்ணா, வேற டிஸ்க் போடுன்னு கேக்குது, என்னண்ணா பண்றது?" என்று வந்து நின்றான். பெட்டியில் இருந்தது டேட்டா டிஸ்க் மட்டும். ப்ளே டிஸ்க் நண்பனின் கன்சோலுக்குள்ளேயே தங்கிவிட்டது. கேமின் பெரும்பகுதி அவன் வீட்டில் இருக்கிறது, ஆனால் ஓடாது. பூட்டு அவனிடம், சாவி நண்பனிடம்.

சுழலும் ஹார்டு டிஸ்க்கும் சாதுவல்ல. 2020 மார்ச்சில் பிஎஸ்5-இன் வடிவமைப்பை விளக்கிய மார்க் செர்னி, ஸ்பைடர்மேன் கேமில் தெருவோரத் தபால்பெட்டி போன்ற சில பொருள்களின் தரவு நானூறு முறை திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது என்று சொன்னார். நியூயார்க்கின் ஒவ்வொரு தெருத் துண்டுக்கும் தேவையானதை ஒரே இடத்தில் அடுக்கி வைத்தால் ஊசி அலைய வேண்டியதில்லை. அதற்காக ஒரே தபால்பெட்டிக்கு நானூறு படி. கேம்களின் அளவு ஏன் இப்படி வீங்குகிறது என்று திட்டுகிறோமே, அதில் ஒரு பங்கு இந்த ஊசியின் சோம்பலுக்கு நாம் கட்டிய வரி. ஹெல்டைவர்ஸ் 2-இன் கணினிப் பதிப்பில் 2025 இறுதியில் இந்த இரட்டிப்புகளை நீக்கியபோது 154 ஜிபி 23 ஜிபியாக இறங்கியது. பிஎஸ்5-இல் சுழலும் தட்டுக்குப் பதிலாகச் சிப்பில் தரவை வைக்கும் எஸ்எஸ்டி. அதில் ஊசியே கிடையாது, நொடிக்கு 5.5 ஜிபி படிக்கும். அந்தக் கன்சோலின் டிஸ்க் டிரைவைவிட நூறு மடங்குக்கும் மேல் வேகம். 16 ஜிபி நினைவகம் மூன்று நொடியில் நிரம்பும். முதல் பிளேஸ்டேஷனின் ஏழு நொடியையே இது மிஞ்சிவிட்டது.

டவுன்லோடுக்கும் வன்பொருள் போட்ட கடிவாளம் இருந்தது. அதை இப்போது யாரும் பேசுவதில்லை. 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது அதன் மலிவு மாடலில் ஹார்டு டிஸ்க்கே இல்லை. 64 எம்பி மெமரி கார்டு ஒன்றைத் தனியாக வாங்கிச் செருகலாம், அவ்வளவுதான். ஆகவே ஆன்லைனில் விற்கும் கேம் எதுவும் 50 எம்பியைத் தாண்டக் கூடாது என்று மைக்ரோசாஃப்ட் விதி வைத்தது. பிறகு 150, 350 என்று தளர்த்திக்கொண்டே போனார்கள். நின்டெண்டோ வீயில் உள்ளே இருந்த சேமிப்பிடமே 512 எம்பி. அங்கே வீவேர் என்ற டவுன்லோடு கேம்களுக்கு வரம்பு 40 எம்பி. சூப்பர் மீட் பாய் என்ற கேம் வீயில் வராமலே போனதற்கு அந்த வரம்புதான் காரணம். அந்தக் காலத்தில் டவுன்லோடு என்றால் சின்ன கேம், டிஸ்க் என்றால் பெரிய கேம். ரசனையால் வந்த பாகுபாடு அல்ல அது. மெமரி கார்டின் அளவு போட்ட கோடு.

நின்டெண்டோவின் கதை வேறு தடத்தில் ஓடுகிறது. 1996-இல் எல்லோரும் சிடிக்குப் போனபோது நின்டெண்டோ 64 மட்டும் கேட்ரிட்ஜ் என்ற சிப் பெட்டியில் நின்றது. படிக்கும் வேகம் பிரமாதம், ஆனால் கொள்ளளவு அதிகபட்சம் 64 எம்பி. ஃபைனல் ஃபேண்டஸி 7 மூன்று சிடியாக பிளேஸ்டேஷனுக்குப் போனது அதனால்தான். 2017-இல் வந்த ஸ்விட்சில் மறுபடியும் அட்டைதான், கையில் தூக்கிப் போகும் கருவியில் டிஸ்க்கைச் சுழற்ற முடியாதே. இங்கே சிக்கல் பணம். ப்ளூ-ரேயை அச்சடிக்கும்போது 25 ஜிபிக்கும் 50 ஜிபிக்கும் செலவில் பெரிய வித்தியாசம் இருக்காது. அட்டைக்குள் இருப்பதோ சிப், அளவு கூடக் கூட விலை ஏறும். அதனால் சில வெளியீட்டாளர்கள் சின்ன அட்டையில் பாதியைப் போட்டுவிட்டு மீதியை டவுன்லோடு செய்துகொள் என்றார்கள்.

2025 ஜூன் 5-இல் வந்த ஸ்விட்ச் 2-இல் இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்: கேம்-கீ கார்டு. கடையில் பெட்டி கிடைக்கும், பெட்டிக்குள் அட்டை இருக்கும், அட்டைக்குள் கேம் இருக்காது. செருகினால் டவுன்லோடு தொடங்கும், அதன்பிறகும் விளையாட ஒவ்வொரு முறையும் அட்டையைச் செருகியிருக்க வேண்டும். பையன் இரவல் வாங்கி வந்த டேட்டா டிஸ்க்குக்கு நேர் எதிர் இது. சாவி மட்டும் கையில், பூட்டு வேறெங்கோ. அட்டையை நண்பனுக்குக் கொடுக்கலாம், விற்கலாம் என்பது இதில் உள்ள ஒரே நன்மை. அது நன்மைதான், மறுக்கவில்லை.

எல்லாக் கேம்-கீ கார்டையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. ஸ்டார் வார்ஸ் அவுட்லாஸ் ஸ்விட்ச் 2-க்கு இப்படித்தான் வந்தது. செலவை மிச்சம் பிடிக்கத்தான் என்று ஆளாளுக்குத் திட்டினார்கள். அந்தக் கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருளான என்ஜினில் வேலை பார்த்த பொறியாளர் ஒருவர் வெளிப்படையாகப் பதில் சொன்னார்: எஸ்எஸ்டி உள்ள கன்சோல்களுக்காகக் கட்டிய கேம் இது, நிலப்பரப்பை ஓடும்போதே படித்துப் படித்துப் போடும், அட்டையின் வேகம் அதற்குப் போதவில்லை. இதை நான் ஏற்றுக்கொள்கிறேன். 2013-இல் மொட்டையாக நின்ற மரங்களின் அதே கணக்குதான் இது. அதே கருவியில் சைபர்பங்க் 2077 முழுதாக ஒரு 64 ஜிபி அட்டையிலேயே வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. முடியும் என்று நினைத்தவர்கள் உட்கார்ந்து உழைத்துச் செய்திருக்கிறார்கள்.

எனக்குக் கோபம் வருவது வன்பொருள் தடுக்காத இடத்தில். 2022-இல் வந்த கால் ஆஃப் டியூட்டி மாடர்ன் வார்ஃபேர் 2-இன் பிஎஸ்5 டிஸ்க்கில் இருந்தது சுமார் 70 எம்பி. 100 ஜிபி வரை கொள்ளும் தட்டு அது! அதில் ஒரு பழைய பாட்டு சிடி அளவுகூடப் போடவில்லை. 2015-இல் டோனி ஹாக்ஸ் புரோ ஸ்கேட்டர் 5 வந்தபோது டிஸ்க்கில் 4.6 ஜிபி, முதல் நாள் அப்டேட் 7.7 ஜிபி. அப்டேட் இறங்காமல் போட்டால் பயிற்சிப் பகுதியையும் மைதானம் கட்டும் பகுதியையும் தவிர வேறெதுவும் கிடையாது. கேம் முடியும் முன்பே டிஸ்க்கை அச்சுக்கு அனுப்பிவிட்டார்கள். டிஸ்க் மெதுவாகப் படிக்கும் என்பது ஒரு வரம்பு. டிஸ்க்கில் ஒன்றுமே எழுதாமல் விடுவது ஒரு முடிவு. இரண்டையும் குழப்பி, 'காலம் மாறிவிட்டது' என்று சொல்லிக் கடந்துபோவதை ஏற்க முடியாது. மெதுவான டிஸ்க்கிலிருந்தும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முழு கேமையும் எஸ்எஸ்டியில் இறக்கிவிடலாம், இணையம் தேவையே இல்லை.

இந்தியாவில் சோனியின் பெரிய பிஎஸ்5 கேம் ஒன்று புதிதாக வரும்போது ஏறக்குறைய ஐந்தாயிரம் ரூபாய். டிஸ்க்காக வாங்கினால் முடித்துவிட்டு விற்று அடுத்ததற்கு முதல் போடலாம். இங்கே எத்தனையோ பையன்கள் ஒரே முதலில் வருடம் முழுக்க விளையாடுவது இப்படித்தான். டவுன்லோடில் அது நடக்காது. 2013 ஜூனில் எக்ஸ்பாக்ஸ் ஒன் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தோடு பேச வேண்டும், பழைய டிஸ்க்கை விற்பதற்குக் கட்டுப்பாடு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் ஜூன் 19 அன்றே பின்வாங்கியது. வாங்குபவர்கள் சேர்ந்து குரல் கொடுத்தால் கேட்கிறார்கள்.

கடை மூடினால் என்ன ஆகும் என்பதும் இப்போது ஊகம் அல்ல. 2023 மார்ச் 27-இல் நின்டெண்டோவின் வீ யூ, 3டிஎஸ் கருவிகளின் ஆன்லைன் கடை மூடியது. 2024 ஜூலை 29-இல் எக்ஸ்பாக்ஸ் 360-இன் கடை. டவுன்லோடாக மட்டுமே வந்த கேம்களில் பலவற்றை இனி நேர்வழியில் வாங்கவே முடியாது. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் செய்த ஆய்வில், 2010-க்கு முன் அங்கே வெளியான கேம்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையிலேயே இல்லை என்று தெரிந்தது. ஜப்பானின் தேசிய நூலகம் கேம்களையும் புத்தகம்போலச் சேர்த்து வைக்கிறது. கேம்-கீ கார்டுகளைச் சேர்க்கப் போவதில்லை என்று அது சொல்லியிருக்கிறது. அட்டையில் உள்ளடக்கம் இல்லையே, எதைப் பாதுகாப்பது?

டிஸ்க் இருந்தால் எல்லாம் பத்திரம் என்றும் சொல்லிவிட முடியாது. யூபிசாஃப்டின் தி க்ரூ கேமுக்கு டிஸ்க் இருந்தது. ஆனால் அது நிறுவனத்தின் சர்வரோடு பேசாமல் ஓடாது. 2024 மார்ச் 31-இல் சர்வரை நிறுத்தினார்கள், அன்றோடு அந்த டிஸ்க்கும் வெறும் தட்டாகிவிட்டது. டிஜிட்டலாக விற்பவர்கள், வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் போடக் கூடாது என்று கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் சட்டம் இருக்கிறது. எனக்குக் கேட்டால் டிஸ்க் பெட்டிக்கும் அப்படி ஒன்று வேண்டும்: இந்த டிஸ்க்கை மட்டும் வைத்து, இணையம் இல்லாமல், கேமை முதலிலிருந்து கடைசிவரை ஆட முடியுமா முடியாதா என்று பெட்டியின் முகப்பில் ஒரு வரி. வாங்குவதற்கு முன் நான் பார்ப்பது பெட்டியின் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் 'டவுன்லோடு தேவை' என்ற குறிப்பைத்தான். கடைக்காரர் பெட்டியைத் திருப்பிக் காட்டச் சலித்துக்கொண்டாலும் விடுவதில்லை.

2024 நவம்பரில் 700 டாலர் விலையில் வந்த பிஎஸ்5 புரோவில் டிஸ்க் டிரைவே இல்லை. தனியாக 80 டாலர் கொடுத்து வாங்கி, பக்கவாட்டில் நாமே மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டுவது சுலபம், மூடியைக் கழற்றி அழுத்தினால் 'க்ளிக்' என்று உட்கார்ந்துவிடும். ஆனால் முதல்முறை மாட்டும்போது கன்சோல் ஒருமுறை இணையத்தில் சோனியின் சர்வரைக் கேட்டுத்தான் அந்த டிரைவைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். பதினைந்து வருடம் கழித்து ஒருவர் பழைய பிஎஸ்5-ஐயும் ஒரு டிரைவையும் தனித்தனியாக வாங்கி வந்து மாட்டும் நாளில், அந்த சர்வர் இருக்குமா? சர்வரை நிறுத்துவதற்கு முன்னால் அந்தக் கேள்வியைக் கன்சோலிலிருந்தே நீக்கும் ஒரு கடைசி அப்டேட்டை சோனி வெளியிட வேண்டும். அதற்குப் புது வன்பொருள் எதுவும் வேண்டாம், சில வரி மென்பொருள் போதும்.